டேங்கர் லாரியில் இருப்பவர்கள் இருவர், இறந்தவர்கள் நூறு பேர் என்றால் மற்றவர்கள் யார்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பெருநகரம் ஒன்றில் எரிபொருள் டேங்கர் லாரி வெடித்து நூறு பேர் இறந்தார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. லாரியில் இருப்பவர்கள் ஓட்டுநரும் கிளீனரும் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் யார்? அவர்கள் ஏன் ஓடவில்லை?"

எரிபொருள் கிடங்கு ஒன்றில் டேங்கர்களில் பெட்ரோல் ஏற்றும் பகுதியின் தீத்தடுப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால், இந்தக் கேள்வியை நானும் வேறு வடிவங்களில் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், இறப்பவர்களில் பெரும்பாலோர் விபத்து நடந்த நொடியில் அந்த லாரிக்கு அருகில் இருந்தவர்களே அல்லர். விபத்துக்குப் பிறகு அங்கே வந்து சேர்ந்தவர்கள், அல்லது வந்து மாட்டிக்கொண்டு நகர வழியில்லாமல் நின்றவர்கள். திரைப்படங்களில் டேங்கர் மோதிய கணமே வெடிப்பதைப் பார்த்துப் பழகிவிட்டதால், மோதலும் தீயும் ஒரே நிகழ்ச்சி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் இரண்டுக்கும் நடுவே பல நேரங்களில் ஓர் இடைவெளி இருக்கிறது. அது சில நிமிடமாகவும் இருக்கலாம், ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் போகலாம். அந்த இடைவெளியில் அங்கிருந்து விலகிப் போகிறவர்களைவிட அதை நோக்கி வருகிறவர்கள் அதிகம் என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதில்.

2021 நவம்பர் 5 அன்று சியரா லியோனின் தலைநகரான ஃப்ரீடவுனில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நகரின் கிழக்கே உள்ள வெலிங்டன் பகுதியில், வெள்ளிக்கிழமை இரவு சுமார் பத்து மணிக்கு, எரிபொருள் நிலையம் ஒன்றின் அருகே டேங்கர் ஒன்றும் கருங்கல் ஏற்றிவந்த லாரி ஒன்றும் மோதிக்கொண்டன. உடனே வெடிக்கவில்லை. எரிபொருள் கசியத் தொடங்கியது. இரு வண்டிகளின் ஓட்டுநர்களும் கீழே இறங்கி, கசிவை அடைக்க முயன்றபடியே, அக்கம்பக்கத்தினரை விலகிப் போகும்படி எச்சரித்தார்கள் என்று அந்நாட்டின் பேரிடர் மேலாண்மை முகமை பின்னர் அறிவித்தது. அந்த எச்சரிக்கையைக் கேட்டவர்களில் பலர் விலகவில்லை. கையில் கிடைத்த பாத்திரங்களுடன் கசிவைப் பிடிக்க வந்தவர்கள் ஒரு பக்கம். விபத்தால் தேங்கிய போக்குவரத்தில், கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பேருந்திலும் சிக்கிக்கொண்டவர்கள் மறுபக்கம். தீப்பற்றியபோது இரு தரப்பினரும் ஒரே நெருப்புக்குள் இருந்தார்கள். மறுநாள் நூறை ஒட்டியிருந்த இறப்பு எண்ணிக்கை, அடுத்த வாரங்களில் 150-ஐ எட்டியது. பருவநிலை மாநாட்டுக்காக ஸ்காட்லாந்து சென்றிருந்த அதிபர் ஜூலியஸ் மாடா பியோ நாடு திரும்பினார். அடையாளம் காண முடியாத அளவுக்குக் கருகிய உடல்கள் கூட்டாக அடக்கம் செய்யப்பட்டன.

அந்த ஓட்டுநர்களின் எச்சரிக்கை ஏன் எடுபடவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, பெட்ரோல் என்ற பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாகப் பணியில் சேர்பவர்களுக்கு நாங்கள் ஒரு செய்முறை காட்டுவோம். சாய்வாக வைத்த நீளமான தகரக் கால்வாய் ஒன்றின் கீழ்முனையில் எரியும் மெழுகுவத்தி இருக்கும். மேல்முனையில் சில துளிகள் பெட்ரோல் நனைத்த துணித்துண்டை வைப்போம். பெட்ரோல் கால்வாயில் வழியாது, துணியிலேயே இருக்கும். பார்ப்பவர்கள் கண்ணுக்கு எதுவும் நடப்பதாகவே தெரியாது. சில நொடிகள் கழித்து, மெழுகுவத்திச் சுடர் சட்டென்று துள்ளும். அங்கிருந்து ஒரு நீல நெருப்பு கால்வாய் நெடுக மேல்நோக்கி ஓடித் துணியைப் பற்றும். பெரும்பாலோர் அப்போது ஓரடி பின்வாங்குவார்கள். முப்பது ஆண்டு லாரி ஓட்டியவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் தண்ணீர் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேனே" என்றார்.

அந்தச் செய்முறையில் எரிந்தது திரவம் அன்று, அதிலிருந்து எழுந்த ஆவி. பெட்ரோல் சுழியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் குளிரிலும்கூட எரியக்கூடிய அளவுக்கு ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. ஆகவே மேலே போகாமல் தரையோடு படர்ந்து, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தண்ணீரைப் போல ஓடிச் சாக்கடைகளிலும் பள்ளங்களிலும் தேங்கும். காற்றில் அதன் பங்கு ஏறத்தாழ 1.4 விழுக்காட்டிலிருந்து 7.6 விழுக்காடு வரை இருந்தால் எரியும். அதற்குக் குறைந்தாலும் மிகுந்தாலும் எரியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஒரு சிறிய அறையையே எரியும் கலவையால் நிரப்பிவிடலாம் என்னும்போது, சாலையில் கொட்டிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான லிட்டரை நினைத்துப் பாருங்கள். டேங்கரிலிருந்து ஐம்பதடி தள்ளி நிற்பவர், தனக்கும் கசிவுக்கும் நடுவே வெறும் தரைதான் இருக்கிறது என்று நம்புகிறார். அவருடைய கணுக்கால் வரை ஆவி வந்து நிற்பது அவருக்குத் தெரிவதில்லை. வாடை வரும்; ஆனால் பெட்ரோல் வாடை எல்லாருக்கும் பழகிய ஒன்று, அது யாரையும் அச்சுறுத்துவதில்லை.

பற்றவைப்பது எது என்று பிறகு நீண்ட விசாரணை நடக்கும். கைபேசியைத்தான் முதலில் குறை கூறுவார்கள். என் கணிப்பில் அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பொருள். சூடான புகைக்குழாய், அறுந்த மின்கம்பி, தெருவோர அடுப்பு, பீடி, சிகரெட், எல்லாவற்றுக்கும் மேலாக, பயந்துபோய்த் தப்பிக்க நினைக்கும் ஒருவர் மோட்டார் சைக்கிளை இயக்கும்போது எழும் பொறி ஆகியவை அதைவிடப் பல மடங்கு போதுமானவை. எரியக்கூடிய ஆவி மேகம் ஒரு பெருநகரச் சாலையில் பரவினால், அது பொறி ஒன்றைச் சந்திக்காமல் கலைந்துபோவது அரிது. யார் பற்றவைத்தார் என்பது நீதிமன்றத்துக்கு வேண்டியிருக்கலாம். தடுப்பதற்கு அது பெரிதாக உதவாது.

கசிவைப் பிடிக்க வந்தவர்கள் ஏன் பிழைப்பதில்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். குனிந்து பெட்ரோலை அள்ளுபவரின் கைகளும் காலும் ஆடையும் நனைந்திருக்கும். முகம் ஆவியின் நடுவே இருக்கும். தீ வெளியிலிருந்து வந்து அவரைத் தொட வேண்டியதில்லை, அவர் உடுத்தியிருப்பதே எரியும். மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தில் பற்றினால் தொண்டையும் சுவாசப் பாதையும் வெந்துபோகும். அத்தகையவர்களில் சிலர் எழுந்து நடந்தே மருத்துவமனைக்கு வருவார்கள், பேசுவார்கள், தண்ணீர் கேட்பார்கள். ஓரிரு நாளில் இறந்துபோவார்கள். தீக்காயம் உடலின் பெரும்பரப்பில் இருந்தால் முதலில் நீரிழப்பும் பிறகு தொற்றும் உயிரைக் குடிக்கும். ஒரே இரவில் நூறு பேரைத் தீக்காயப் பிரிவில் சேர்த்துக்கொள்ளும் வசதி செல்வ நாடுகளின் பெருநகரங்களில்கூட அரிது. செய்தியில் எண்ணிக்கை நாள்தோறும் ஏறிக்கொண்டே போவதற்கு இதுவே காரணம்.

இந்த இடத்தில் "பேராசைதான் கொன்றது" என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2017 ஜூன் 25 அன்று, ஈகைத் திருநாளுக்கு முந்தைய நாள், பாகிஸ்தானின் பகாவல்பூர் மாவட்டத்தில் அகமதுபூர் கிழக்குப் பகுதியில் டேங்கர் கவிழ்ந்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது நகரமன்று, நெடுஞ்சாலை ஓரத்துக் கிராமம். ஆயினும் இந்தப் பேச்சு அப்போதுதான் உச்சத்துக்குப் போனது. அங்கே வந்தவர்களுக்கு அந்தப் பெட்ரோல் கண்முன்னே தெரிகிற பணம். ஆபத்தோ கண்ணுக்குத் தெரியாதது. அதற்கு முன்பு எங்கோ ஒரு வண்டி கவிழ்ந்தபோது எண்ணெய் பிடித்துவந்தவர் உயிரோடு இருக்கிறார், அதை ஊரே அறியும். தீப்பற்றாமல் முடிந்த பத்துக் கசிவுகள் கற்றுத்தரும் பாடம் தவறான பாடம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மேலும், ஃப்ரீடவுனில் பேருந்தில் அமர்ந்திருந்தவர் எதற்கும் ஆசைப்படவில்லை, அவரும் இறந்தார். பழியைப் பாத்திரத்தோடு வந்தவர்மேல் போட்டுவிட்டால், சாலையை யார் மறித்திருக்க வேண்டும், எத்தனை நிமிடத்தில் மறித்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. சிலருக்கு அது வசதியாகவும் இருக்கிறது.

இதுவரை சொன்னது பெட்ரோல் டேங்கரைப் பற்றி. சமையல் எரிவாயு போன்ற அழுத்தத் திரவ வாயு ஏற்றிய டேங்கரின் கணக்கு வேறு. அங்கே மக்கள் கசிவை நோக்கி வர வேண்டியதில்லை, கசிவே மக்களை நோக்கி வரும். அழுத்தத்தில் திரவமாக இருக்கும் ஒரு லிட்டர், வெளியே வந்தவுடன் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். 2025 செப்டம்பர் 10 அன்று மெக்சிகோ நகரத்தின் இஸ்தபலாபா பகுதியில் மேம்பாலம் ஒன்றின் கீழே கவிழ்ந்த டேங்கரில் 49,500 லிட்டர் இருந்தது. வாயுவாக எண்ணினால் ஒரு கோடி லிட்டருக்கும் மேல். உடைந்த தொட்டியிலிருந்து வெண்பனி போல எழுந்த மேகம் சாலையில் நின்ற வாகனங்களைச் சூழ்ந்த சில கணங்களில் பற்றிக்கொண்டது. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு வயதுப் பேத்தியைத் தன் உடலால் மூடிக் காப்பாற்றிய ஒரு பாட்டியும் அவர்களில் ஒருவர். 2012 நவம்பர் 1 அன்று ரியாத்தில் மேம்பாலத் தூணில் டேங்கர் மோதி வாயு பரவி வெடித்ததிலும் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு ஜெய்ப்பூர். 2024 டிசம்பர் 20 விடியற்காலையில், அஜ்மீர் நெடுஞ்சாலையில் பாங்க்ரோட்டா அருகே திரும்பிக்கொண்டிருந்த எரிவாயு டேங்கரை லாரி ஒன்று மோதியதில் வால்வுகள் உடைந்தன. வாயு சாலை முழுவதும் பரவிப் பற்றிக்கொள்ள, பின்னால் வந்துகொண்டிருந்த பேருந்தும் லாரிகளும் கார்களுமாக முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் எரிந்தன. குளிர்கால விடியலில் காற்று அசையாமல் கிடக்கும். கனமான வாயு தரையைவிட்டு எழாது. இத்தகைய விபத்தில் இடைவெளி மிகச் சிறியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே உயிரைக் காப்பது விபத்துக்கு முன்பே செய்யப்படும் வேலைதான்: எந்த வண்டி எந்த நேரத்தில் எந்த வழியாக, என்ன வேகத்தில் போகலாம் என்பதை வரையறுப்பதும், வால்வுகள் மோதலில் அடிபடாதபடி காப்பதும். 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினின் லாஸ் அல்ஃபாக்கெஸ் என்ற கடற்கரை முகாமருகே அளவுக்கு மீறி நிரப்பப்பட்ட புரொப்பிலீன் டேங்கர் வெடித்து 217 பேர் இறந்த பிறகே, அத்தகைய வண்டிகள் மக்கள் நெருங்கிய பகுதிகளுக்குள் செல்வதை அந்நாடு கட்டுப்படுத்தியது. மெக்சிகோ நகரமும் விபத்துக்குப் பிறகே எரிவாயு வண்டிகளின் வேகத்துக்குப் புதிய வரம்பு விதித்தது. பிணங்கள் விழுந்த பிறகு விதி எழுதுவது இந்தத் துறையின் பழைய வழக்கம்.

வாயு டேங்கரில் இன்னொரு வகை உண்டு. அதில்தான் இடைவெளி மீண்டும் நீள்கிறது. கசிந்த வாயு முதலில் சிறிதாக எரிந்து, அந்த நெருப்பு தொட்டியைச் சூடேற்றும். உள்ளே திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதியின் எஃகை அத்திரவமே குளிர வைத்துக்கொண்டிருக்கும். திரவ மட்டத்துக்கு மேலே, வாயு மட்டும் இருக்கும் பகுதியில் எஃகைக் குளிர்விக்க ஒன்றுமில்லை. அது சிவந்து வலுவிழக்கும்போது, உள்ளே அழுத்தமும் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு கணத்தில் தொட்டி கிழிந்தால், கொதிநிலைக்கு மேல் சூடேறிய திரவம் முழுவதும் ஒரே மூச்சில் வாயுவாகி நெருப்புக்கோளமாகிறது. எங்கள் துறையில் இதைப் பிளெவி என்பார்கள். தொட்டியில் பாதி தீர்ந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று எண்ணுவது இதனால்தான் பெரும்பிழை.

தென்னாப்பிரிக்காவில் ஜொகானஸ்பர்க் நகரை ஒட்டிய போக்ஸ்பர்க்கில் 2022 டிசம்பர் 24 காலையில் நடந்தது இவ்வாறே. சுமார் 60,000 லிட்டர் எரிவாயுவுடன் வந்த டேங்கர், உயரம் குறைந்த பாலத்தின் அடியில் சிக்கிக்கொண்டது. முதலில் சிறு தீ. தீயணைப்பு வண்டி வந்தது. வேடிக்கை பார்க்கவும் படம் எடுக்கவும் மக்கள் கூடினார்கள். அருகிலேயே டாம்போ நினைவு மருத்துவமனை. வெடித்தபோது 41 உயிர்கள் போயின. அவர்களில் அந்த மருத்துவமனையின் செவிலியர்களும் ஊழியர்களும் உண்டு. காயமடைந்தவர்களைக் கவனித்திருக்க வேண்டியவர்களே காயமடைந்தவர்களாகி விட்ட அந்தக் காலையை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

இதற்கு நேர்மாறாக, 2018 ஆகஸ்ட் 6 அன்று இத்தாலியின் பொலோன்யா நகரின் புறவழிச்சாலையில், நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் எரிவாயு டேங்கர் ஒன்று மோதித் தீப்பற்றியது. சில நிமிடங்களுக்குப் பிறகு டேங்கர் வெடித்தது. பாலத்தின் ஒரு பகுதியே பெயர்ந்து விழுந்தது, கீழே கார் விற்பனை நிலையங்களில் வண்டிகள் எரிந்தன, 140 பேருக்கு மேல் காயமடைந்தனர். இறந்தவர்கள் இருவர். அந்தச் சில நிமிடங்களில் காவலர்கள் ஓடி ஓடி மக்களை அப்புறப்படுத்தினார்கள். அவர்களிலும் பலர் காயமடைந்தார்கள். வெடிப்பின் அளவில் அது போக்ஸ்பர்க்குக்கு இளைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் இடத்தின் அமைப்புக்கும் பங்கு உண்டு. என்றாலும், கூட்டம் கூடவிடாமல் யாரோ தடுத்தார்கள் என்பதே பெரிய பங்கு என்று நான் கருதுகிறேன்.

எங்கள் கிடங்கின் வெளிச்சாலையில் ஒருமுறை நடத்திய ஒத்திகை இதை எனக்கு உறுதிப்படுத்தியது. டேங்கர் ஒன்றை நிறுத்தி, அடிவால்விலிருந்து சாயம் கலந்த தண்ணீரைச் சாலையில் வழியவிட்டோம். ஒத்திகை என்ற அறிவிப்புப் பலகை வைத்திருந்தும் அதை யாரும் படிக்கவில்லை. பத்து நிமிடத்துக்குள் வண்டியைச் சுற்றி ஒரு வட்டமே கூடிவிட்டது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்ப்பதற்காக முன்னால் நின்றவர்களைத் தள்ள, வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. சிலர் கைபேசியில் படம் பிடித்தார்கள், ஒருவர் சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். சில வாரங்கள் கழித்து அதே ஒத்திகையை மீண்டும் நடத்தியபோது ஒரே ஒரு மாற்றம் செய்தோம். முதல் நிமிடத்திலேயே சாலையின் இரு பக்கமும் ஆளுக்கொரு கயிறும் விசிலுமாக இருவரை நிறுத்தினோம். கயிற்றைத் தாண்டி ஒருவரும் வரவில்லை. அதே சாலை, ஏறத்தாழ அதே மக்கள். கத்திச் சொல்வதைக் கேட்காதவர்கள் குறுக்கே கட்டிய கயிற்றுக்கு நின்றார்கள். ஃப்ரீடவுனின் அந்த இரண்டு ஓட்டுநர்களிடம் இருந்தது குரல் மட்டும்தான்.

ஓடவேண்டிய நிலை உங்களுக்கே வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டேங்கரின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் எண்கள் எழுதிய பலகை இருக்கும். 1203 என்றால் பெட்ரோல், 1202 என்றால் டீசல், 1075 என்றால் திரவ எரிவாயு. இவை உலகெங்கும் ஒன்றே. அந்த எண்ணைப் படிப்பதற்காக அருகில் போக வேண்டாம், தொலைவிலிருந்து தெரிந்தால் போதும். வட அமெரிக்கத் தீயணைப்பாளர்கள் கையாளும் வழிகாட்டியின்படி, பெட்ரோல் டேங்கர் எரிந்துகொண்டிருந்தால் எல்லாத் திசையிலும் 800 மீட்டரும், எரிவாயு டேங்கர் எரிந்தால் 1,600 மீட்டரும் மக்களை விலக்க வேண்டும். நெரிசலில் சிக்கியிருந்தால் வண்டியின் இயந்திரத்தை அணைத்துவிட்டு, சாவியையும் சாமான்களையும் மறந்து, இறங்கி நடந்துவிடுங்கள். அணைத்த வண்டியை மறுபடி இயக்க முயல வேண்டாம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக, மேட்டை நோக்கிப் போக வேண்டும். பள்ளத்தில் இறங்கக் கூடாது, பாலத்தின் அடியிலோ சாக்கடை ஓரத்திலோ ஒதுங்கக் கூடாது. உடையில் பெட்ரோல் பட்டிருந்தால் தொலைவுக்குப் போனதும் முதலில் அதைக் களைந்துவிடுங்கள். தீயணைப்புத் துறைக்கான அழைப்பை நன்றாகத் தள்ளிப்போன பிறகே செய்து, இடத்தோடு அந்தப் பலகை எண்ணையும் சொன்னால், நுரை கொண்டுவர வேண்டுமா, தொட்டியைக் குளிர்விக்கத் தண்ணீர் பீய்ச்ச வேண்டுமா என்பதை அவர்கள் வரும் வழியிலேயே முடிவுசெய்துகொள்வார்கள். தீக்காயம் பட்டவர் கிடைத்தால், ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் காயத்தைக் காட்டுங்கள். பற்பசை, மை, பனிக்கட்டி எதுவும் வேண்டாம், தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம்.

அதன் பிறகு உங்களிடம் ஒரு கயிறு இருந்தால், அல்லது சாலையின் குறுக்கே இழுத்துப் போட ஒரு மரக்கிளையாவது கிடைத்தால், திரும்பிப் போகாமல் நீங்கள் நிற்கும் அந்தத் தொலைவிலேயே போட்டு, எதிரே வருகிற வண்டிகளை நிறுத்துங்கள்.